என் புகாரை நான் சொன்னபடி எழுதுங்கள்: ஒரு கார் நிறுவனத்துக்குத் திறந்த மடல்

நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைத் தலைவருக்கும் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவினருக்கும்,

போன செவ்வாய்க்கிழமை மதியம் உங்களிடமிருந்து என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. ‘தாங்கள் தெரிவித்த அதிர்வு வாகனத்தின் இயல்புக்கு உட்பட்டது. புகார் முடித்துவைக்கப்பட்டது.’ அந்த நேரம் வண்டி துவாக்குடியில் எங்கள் பட்டறை வாசலில், ஏசி போட்டபடி ஓடிக்கொண்டிருந்தது. வலது கையில் போன். ஸ்டியரிங்கில் வைத்திருந்த இடது கை மணிக்கட்டு வரை அதிர்ந்தது. புகாரை முடித்துவைத்தவர் யாராக இருந்தாலும், அவர் என் வண்டியில் ஒருமுறைகூட உட்கார்ந்தது இல்லை.

உங்கள் பெயரை இந்த மடலில் நான் எழுதவில்லை. வண்டி எண், சேசிஸ் எண், எல்லா ஜாப் கார்டுகளின் (சர்வீஸுக்கு விடும்போது எழுதும் வேலைத் தாள்) நகலோடு இதே மடல் ஸ்பீடு போஸ்ட்டில் உங்களுக்கு வருகிறது, அதனால் யாருக்கு எழுதுகிறேன் என்பதில் உங்களுக்குக் குழப்பம் இருக்காது. பொதுவில் வைப்பதற்குக் காரணம் வேறு. எங்கள் தொழிற்பேட்டையில் வேறு வேறு கம்பெனி வண்டி வைத்திருக்கும் நான்கு பேர் இதே பதிலை வாங்கியிருக்கிறார்கள். ‘இந்த மாடலே அப்படித்தான்.’ அந்தப் பதிலைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும்.

நான் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் 16 வருடமாகத் தரப் பரிசோதனை பார்க்கிறேன். பாய்லருக்குப் போகிற உதிரிகளை அளந்து, சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுவதும் இல்லாவிட்டால் நிறுத்திவைப்பதும் என் வேலை. வரைபடத்தில் உள்ள அளவைத் தாண்டி ஒரு பொருள் வந்துவிட்டால் என்.சி.ஆர். (தர விலகல் அறிக்கை) என்று ஒரு தாள் எழுத வேண்டும். என்ன குறை, எந்த இடத்தில், எவ்வளவு, யார் பார்த்தது, என்ன செய்யப் போகிறோம் என்று எல்லாம் அதில் இருக்கும். ‘பரவாயில்லை, இப்படியே அனுப்புங்கள்’ என்று வாங்குகிறவர் சொல்லலாம். அதைச் சொல்கிற உரிமை அவருக்குத்தான், செய்து கொடுக்கிற எங்களுக்குக் கிடையாது. என்ன ஆனாலும் குறையை எழுதாமல் விட முடியாது. உங்கள் கார் தொழிற்சாலைக்குள்ளும் இதே முறைதான் இருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். வண்டி ஷோரூம் வாசலைத் தாண்டிய பிறகு மட்டும் ஏன் அந்தத் தாள் காணாமல் போகிறது?

2024 ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரம் வண்டி எடுத்தேன். 11 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். அதில் 8 லட்சம் ஐந்து வருடக் கடன், மாதம் 16,600 ரூபாய் கட்டுகிறேன். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கார். 22 மாதத்தில் 24,600 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பாதிக்கு மேல் திருச்சி, தஞ்சாவூர் சாலையில் ஓடியதுதான். தஞ்சாவூரில் இருக்கும் அம்மாவையும் அப்பாவையும் பார்க்க வாராவாரம் போகிறேன்.

முதலில் நின்ற இடத்தில் வரும் அதிர்வு. மூன்று சிலிண்டர் வண்டி கொஞ்சம் ஆடத்தான் செய்யும் என்பது எனக்கும் தெரியும். நான்கு மீட்டருக்குள் நீளம், 1200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜின் என்றால் வரி குறைவு என்று 2006இல் மத்திய அரசு வைத்த வரம்புதான், சின்ன வண்டிகள் இன்றைக்கு இருக்கிற வடிவத்துக்கு வந்து சேர்ந்ததற்கு ஒரு பெரிய காரணம். எடையும் இடமும் எரிபொருளும் மிச்சமாகும் என்று பல கம்பெனிகள் நான்கு சிலிண்டரை மூன்றாக்கின. நான்கு சிலிண்டரில் கிராங்க் 180 டிகிரி சுற்றுவதற்கு ஒருமுறை எரிப்பு நடக்கும், மூன்றில் 240 டிகிரிக்கு ஒருமுறை. நிமிடத்துக்கு 800 சுற்றில் நிற்கும்போது நொடிக்கு 20 தட்டு. அதோடு இன்ஜின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் சீசா மாதிரி ஆடப் பார்க்கும். இதையெல்லாம் வாங்கிக்கொண்டு பாடிக்குக் கடத்தாமல் வைத்திருப்பதற்காகத்தான் இன்ஜின் மவுண்டிங் இருக்கிறது. அந்த ரப்பர் தன் வேலையைச் செய்கிறதா என்பதுதான் என் கேள்வி. ‘த்ரீ சிலிண்டர் மேடம், அப்படித்தான் இருக்கும்’ என்று உங்கள் ஆட்கள் சொல்வது இந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை.

என் கூட வேலை பார்க்கும் ஒருவர் எனக்கு இரண்டு மாதம் கழித்து இதே மாடல், இதே இன்ஜின், இதே கியர் வண்டி எடுத்தார். பட்டறையில் மோட்டார்களைச் சோதிக்க ஒரு வைப்ரேஷன் மீட்டர் வைத்திருக்கிறோம். ஒரு சனிக்கிழமை வேலை முடிந்த பிறகு இரண்டு வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினோம். இரண்டிலும் அரை மணி நேரம் ஓடிய சூடு, இரண்டிலும் ஏசி இரண்டாம் நம்பரில், கியர் நியூட்ரல். ஸ்டியரிங் தண்டில் மீட்டரின் காந்தத்தை ஒட்டிப் பார்த்தோம். அவர் வண்டியில் நொடிக்கு 2.1 மில்லிமீட்டர், என் வண்டியில் 6.8. மூன்று முறை மாற்றி மாற்றி எடுத்தும் பெரிய வித்தியாசம் இல்லை. இயல்பு என்றால் அது இரண்டு வண்டிக்கும் பொதுவாக இருக்க வேண்டும். மூன்று மடங்கு வித்தியாசம் எப்படி ‘மாடலின் தன்மை’ ஆகும்?

இந்த அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய் சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். அட்வைசர் வாங்கி மடித்து மேஜையில் வைத்தார். ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, ‘எர்ரர் கோடு எதுவும் இல்ல மேடம், வண்டி கிளியர்’ என்றார். மிஸ்ஃபயர் ஆனால் ஸ்கேனர் சொல்லும், சென்சார் கெட்டால் சொல்லும். கிழிந்த ரப்பரில் சென்சார் கிடையாது. மவுண்டிங் தளர்ந்திருந்தால் ஸ்கேனருக்கு எப்படித் தெரியும்? ஒருவர் பானெட்டைத் திறந்துவைத்து, ஆக்சிலேட்டரை லேசாக மிதிக்கும்போது இன்ஜின் எவ்வளவு சாய்கிறது என்று பார்த்தால்கூடப் போதும். 22 மாதத்தில் அதை யாரும் செய்து நான் பார்க்கவில்லை.

இரண்டாவது, ஓடும்போது வரும் நடுக்கம். 85 தாண்டியதும் தொடங்கும், 90இல் உச்சம், 105க்கு மேல் மெதுவாக அடங்கும். இதை நான் முதல் சர்வீஸிலேயே, வண்டி 1,080 கிலோமீட்டர் ஓடியிருந்தபோதே சொன்னேன். வீல் பேலன்சிங் செய்து கொடுத்தார்கள். போகவில்லை. 6,000இல் மறுபடி பேலன்சிங். 10,000இல் மறுபடி, கூடவே அலைன்மென்ட்.

பேலன்சிங் தவறினால் நடுக்கம் வரும் என்பது சரிதான். என் வண்டியின் டயர் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர் ஓடுகிறது. 90 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குப் பன்னிரண்டரைச் சுற்று. ரிம் ஓரத்தில் 20 கிராம் கூடினால், அந்த வேகத்தில் அது இரண்டரைக் கிலோ கல் போல ஒவ்வொரு சுற்றுக்கும் இழுக்கும். ஆனால் மூன்று முறை பேலன்சிங் செய்தும் போகவில்லை என்றால் வேறு இடத்தில் தேட வேண்டாமா? கடைசியில் நானே வண்டியை ஜாக்கியில் ஏற்றி, டயல் கேஜை (நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் கருவி) ஸ்டாண்டில் வைத்து, முன் பக்கச் சக்கரங்களைக் கையால் சுற்றிப் பார்த்தேன். வலது ரிம்மில் முள் 0.3 வரை போய்த் திரும்பியது. இடது ரிம்மில் 1.4 மில்லிமீட்டர். அதாவது ரிம் வட்டமாகவே இல்லை. வட்டமாக இல்லாத சக்கரத்துக்கும் எடை ஒட்டி மெஷினில் ‘சைபர்’ காட்ட வைக்கலாம். மெஷின் எடையைத்தான் பார்க்கும். ரோட்டில் அந்தச் சக்கரம் வண்டியை ஏற்றி இறக்கிக்கொண்டுதான் இருக்கும்.

இந்த அளவைக் காட்டியபோது கிடைத்த பதில்: ‘பள்ளத்துல இறக்கியிருப்பீங்க மேடம். வெளி அடிக்கு வாரண்டி வராது.’

ரிம்மில் ஒரு கீறல் இல்லை, உள் விளிம்பில் நசுங்கல் இல்லை. அதையும் விடுங்கள். முதல் சர்வீஸிலேயே நான் நடுக்கத்தைச் சொன்னேன், அப்போது வண்டிக்கு வயது ஐந்து வாரம். அதைச் சொல்லி, அன்றைய ஜாப் கார்டை எடுங்கள் என்றேன். எடுத்தார்கள். அதில் ‘வாடிக்கையாளர் புகார்’ என்ற கட்டம் காலியாக இருந்தது. கீழே, செய்த வேலை என்ற இடத்தில் ‘பொதுச் சோதனை, வீல் பேலன்சிங்’ என்று மட்டும் இருந்தது. நான் சொன்ன 85, 90, 105 எதுவும் அதில் இல்லை. 6,000 கிலோமீட்டர் கார்டிலும் அப்படியே. 10,000 கிலோமீட்டர் கார்டில் ‘வழக்கமான சர்வீஸ்’.

இந்த மடலை எழுத வைத்தது இந்தக் காலிக் கட்டம்தான். ஒரு ரிம் கோணலாக வருவது எந்தத் தொழிற்சாலையிலும் நடக்கும். எங்கள் பட்டறையிலும் நடக்கிறது. அதற்காக நான் கோபப்படவில்லை. நான் சொன்னதை எழுதாமல் விட்டுவிட்டு, எழுதவில்லை என்பதையே ஆதாரமாக எனக்கு எதிராகத் திருப்பியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மூன்றாவது குறை சரியாகிவிட்டது. ஆனால் அது எப்படிச் சரியானது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முன் பக்கத்தில் ‘டொக் டொக்’ என்று ஒரு சத்தம். ஸ்பீடு பிரேக்கரில் வராது. சின்னச் சின்ன மேடு பள்ளத்தில், 20, 30 வேகத்தில் போகும்போது வரும். ஏழு மாதம் சொன்னேன். ‘ரோடு சத்தம்’ என்றார்கள், ஒருமுறை ‘டாஷ்போர்டு பிளாஸ்டிக்’ என்றார்கள். டாஷ்போர்டைக் கழற்றி ஸ்பாஞ்ச் வைத்து மூடினார்கள். அதில் இரண்டு கிளிப் உடைந்து, அதுவரை இல்லாத ஒரு கிரீச் சத்தம் கூடுதலாக வந்துசேர்ந்தது.

என் அப்பா அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். 28 வருடம், பெரும்பாலும் திருச்சி, நாகப்பட்டினம் தடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை ஏற்றிக்கொண்டு வந்தேன். செங்கிப்பட்டிக்கு முன்னால் மேம்பால வேலை நடந்த இடத்தில் சர்வீஸ் ரோட்டில் இறங்கியதும் சத்தம் வந்தது. அப்பா ரேடியோவை அணைத்தார், கண்ணாடியை இறக்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு, வெறும் உள்ளங்காலைத் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டார். ‘இன்னும் மெதுவா போம்மா.’ பதினைந்தில் போனேன். ‘இப்ப பிரேக்கை லேசா பிடிச்சுக்கிட்டே போ.’ பிடித்தேன், சத்தம் நிற்கவில்லை. ‘அப்ப பிரேக் பேடு இல்ல. ஓரங்கட்டு.’ ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து நிறுத்தச் சொன்னார். இறங்கி, முழங்காலிட்டு, இடது சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு ஒரு கம்பியைப் பிடித்து ஆட்டினார். டொக். மறுபடி ஆட்டினார். டொக். ‘லிங்க் ராடு. பால் ஜாயின்ட் லூசு. நீயே வந்து ஆட்டிப் பாரு.’ ஆட்டிப் பார்த்தேன். வலது பக்கம் அசையவில்லை. இடது பக்கம் விரல் அழுத்தத்துக்கே அடித்தது. 71 வயது மனிதர், லிஃப்ட் இல்லாமல், ஸ்பானர் இல்லாமல், வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ரோட்டோரத்தில் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்ததை உங்கள் சர்வீஸ் சென்டர் ஏழு மாதம் ‘ரோடு சத்தம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாள் போய்ப் பெயர் சொல்லிக் கேட்டேன். மாற்றினார்கள், வாரண்டியில் இலவசமாக. சத்தம் நின்றது. நோயின் பெயரை நோயாளியே சொன்னால்தான் மருந்து கிடைக்கும் என்றால், இப்படி ஒரு அப்பா இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

இதை எழுதும்போது ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். நான்கு முறை என்னிடம், ‘வீட்ல சார் இருந்தா அனுப்பிவைங்க மேடம், அவருக்குச் சொன்னா புரியும்’ என்றிருக்கிறார்கள். வண்டி என் பெயரில் இருக்கிறது, தவணை என் சம்பளத்தில் போகிறது, ஓட்டுவது நான். மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கை அளப்பது எனக்குத் தினசரி வேலை. இது ஒரு தனி ஆளின் பேச்சு என்று நான் விட்டுவிடத் தயார். ஆனால் நான் சொன்ன புகார் கட்டத்தில் ஏறாததற்கும் இந்தப் பேச்சுக்கும் தொடர்பு இருக்கிறது என்றே நினைக்கிறேன். உங்கள் பயிற்சியில் இதற்கு இடம் கொடுங்கள்.

அப்புறம் அந்த மார்க் விஷயம். ஒவ்வொரு சர்வீஸ் முடிந்து சாவியைக் கையில் கொடுக்கும்போதும் அட்வைசர் பையன் தயங்கித் தயங்கிக் கேட்பார்: ‘கம்பெனியிலிருந்து போன் வரும் மேடம், பத்துக்குப் பத்து போட்டுடுங்க. ஒன்பது போட்டாக்கூட எனக்கு இன்சென்டிவ் போயிடும்.’ அவர் முகத்தைப் பார்த்து இரண்டு முறை பத்து போட்டேன். அந்தப் பத்தும் இன்று உங்கள் கணக்கில் ‘திருப்தியான வாடிக்கையாளர்’ என்று உட்கார்ந்திருக்கும். நான் செய்தது தப்பு, இனி செய்ய மாட்டேன். ஆனால் சம்பளத்தை மார்க்கோடு முடிச்சுப் போட்டிருப்பது நீங்கள். புகாரை எழுதினால் தன் மார்க் குறையும் என்று பயப்படும் பையன் கட்டத்தைக் காலியாகத்தான் விடுவான்.

செப்டம்பர் 2025இல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமானது. அதற்கு முன்னால் 28 சதவீதமும் மேலே செஸ்ஸும். அதன்பிறகு ஒரு சனிக்கிழமை சர்வீஸுக்குப் போனபோது ஷோரூம் பக்கம் உட்கார நாற்காலி இல்லை. பின்னால் சர்வீஸில் அதே இரண்டு லிஃப்ட்தான். விற்கிற வேகத்துக்கு ஏற்பப் பார்க்கிற ஆளையும் கூட்டாவிட்டால், எல்லாக் குறையும் ‘இயல்பு’ ஆவதைத் தவிர வழியில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறைபாடு என்பதற்குத் தரும் பொருள் அகலமானது. தரத்தில் உள்ள எந்தப் பிழையும், போதாமையும் அதில் அடங்கும். பாதுகாப்புக் கோளாறுக்காக வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொல்லும் அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது ஆபத்தான கோளாறுகளுக்கு. நடுக்கமும் லொடலொடப்பும் அந்தக் கணக்கில் எளிதில் ஏறாது. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலம் 1982இலேயே, திரும்பத் திரும்பப் பழுதாகும் புது வண்டிக்கென்று தனிச் சட்டம் போட்டது. பிற மாநிலங்களும் பின்னால் வந்தன. இங்கே அப்படி ஒன்று இல்லை. எனக்கு இருப்பது மாவட்ட நுகர்வோர் ஆணையம். அங்கே புகார் கொடுக்க, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம்தான் அவகாசம். வரும் ஜனவரியோடு வண்டிக்கு இரண்டு வயது. போனால் முதலில் கேட்கப்படுவது, ‘எப்போது புகார் சொன்னீர்கள், ஆதாரம் எங்கே’ என்பதுதான். ஆதாரமாக இருந்திருக்க வேண்டிய தாள் உங்கள் கையில் காலியாக இருக்கிறது.

அதனால் நான் கேட்பவை இவை.

செவ்வாய்க்கிழமை மூடிய புகாரைத் திரும்பத் திறங்கள். இந்த மடல் கையில் கிடைத்த 15 நாளுக்குள், சர்வீஸ் சென்டர் ஆளை அல்ல, உங்கள் தரப் பிரிவிலிருந்து ஒரு பொறியாளரை அனுப்புங்கள். இதே மாடலில் இன்னொரு வண்டியையும் அவர் கொண்டுவரட்டும். மீட்டரும் டயல் கேஜும் அவருடையதாகவே இருக்கட்டும், என்னுடையதை நம்ப வேண்டாம்.

அளந்த பிறகும் இயல்பு என்று சொல்வதானால், எத்தனை வரை இயல்பு என்று எண் போட்டு, கையெழுத்தோடு எழுத்தில் கொடுங்கள். அந்த எண்ணைத் தாண்டியிருந்தால் இன்ஜின் மவுண்டிங்கையும் இடது ரிம்மையும் வாரண்டியில் மாற்றுங்கள். டாஷ்போர்டில் நீங்கள் உடைத்த கிளிப்புகளையும் சேர்த்து.

என் வாரண்டி மூன்று வருடம், 2027 ஜனவரியில் முடிகிறது. வாரண்டிக் காலத்தில் சொல்லி, இன்னும் தீராத இந்தப் புகார்களுக்கு, அவை தீரும்வரை பொறுப்பு உங்களுடையது என்று எழுதிக் கொடுங்கள்.

மற்றவை எல்லோருக்குமானவை. ஜாப் கார்டில் வாடிக்கையாளர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே, தமிழில் சொன்னால் தமிழிலேயே, எழுதச் சொல்லுங்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் கார்டு திறக்கவே முடியாதபடி உங்கள் கணினியில் செய்யுங்கள். ‘சோதித்தோம், குறை தெரியவில்லை’ என்றாலும் அதையும் எழுதி, எந்த வேகத்தில், எந்த ரோட்டில் ஓட்டிப் பார்த்தீர்கள் என்றும் குறித்து நகல் கொடுங்கள். மதிப்பெண் கேட்கும் போனை வண்டி வெளியே போன அன்றைக்கே அடிக்காமல், ஒரு வாரம் ஓட்டிய பிறகு அடியுங்கள். அந்த மார்க்கை அட்வைசரின் சம்பளத்திலிருந்து பிரியுங்கள்.

15 நாளில் பதில் வராவிட்டால் திருச்சி மாவட்ட ஆணையத்தில் மனு கொடுப்பேன். மனு எழுதி வைத்துவிட்டேன்.

பொறியாளர் வருவதானால் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி நல்ல நேரம். பால்பண்ணையிலிருந்து கிளம்பினால் ரோடு காலியாக இருக்கும், வல்லம் வரை 90 பிடிக்கலாம். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். ஸ்டியரிங்கை அவர் பிடிக்கட்டும்.